ஒரு சுழியத்தின் பணி அனுபவம்

1

இந்தக் கதை ஒரு எழுத்துப்பிழையில் பிறந்தது. அதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கூச்சமாகிவிடும்.

திங்கட்கிழமை காலை. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கும் என் சித்தியின் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை. ஒருவருடைய விண்ணப்பத்தில் 'பணி அனுபவம்: இருபத்தாறு ஆண்டுகள்' என்று வர வேண்டிய இடத்தில் 'பனி அனுபவம்' என்று அடித்துவிட்டேன். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி.

"ஏன்டி, இருபத்தாறு வருஷமா அந்த மனுஷன் ஐஸ் பெட்டிக்குள்ளயா உக்காந்திருந்தாரு?" என்றாள் சித்தி. பாழான தாள் என் பக்கம் பறந்து வந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

எனக்குக் கதை எழுத அது போதும்.

[என் நோட்டுகள் எல்லாமே இப்படிப் பாழான தாள்களைக் கட்டித் தைத்தவைதான். காலி காகிதப் பெட்டிக்குள், பழைய ரசீதுகளுக்கு அடியில் இருக்கின்றன. சித்திக்குத் தெரியாது. சமீபமாக அவளும் நிறையப் பிழை விடுகிறாள். ஆனால் எப்போதும் ஒரு பக்கம்தான் பாழாகிறது.]

2

முதல் தொடக்கம்: "கல்வி சமுதாயத்தின் கண் என்றால், கல்வித் தலைவர்கள் அந்தக் கண்ணைக் காக்கும் இமை—"

அடித்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைப் போட்டி வாடை. அதில் எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. மேடையேற வெட்கப்பட்டு நான் அதை வாங்கவே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவர் உள்ளே நுழைந்ததும் கடை இருண்டது. தடித்த மீசையை நீவியபடி—"

கடை இருண்டது மின்சாரம் போனதால். அவருக்கு மீசையே கிடையாது. வில்லன் மாதிரி இருக்கட்டும் என்று நான்தான் ஒட்டினேன். இதோ பிய்த்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "நான் ஒரு"

இதற்குமேல் போகவில்லை. நான் ஒரு என்ன என்பதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. அது நாலாம் பகுதியில் வரும். அதற்குமுன் மற்றவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். அது எனக்குச் சுலபம்.

3

மாவட்டக் கல்வித் தலைவர் நாற்காலி மூன்று மாதமாகக் காலி. விண்ணப்பத்தோடு பணி அனுபவக் குறிப்பும் வைக்க வேண்டும். அதனால் தலைவராக ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் சாலையைக் கடந்து எங்கள் கடைக்கு வருகிறார்கள். இதுவரை ஏழு பேர். அந்த நாற்காலியில் யார் உட்காரப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உட்கார ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று என் விரல்களுக்குத் தெரியும்.

ஏழில் ஐந்து பேர் வகுப்பறையில் தொடங்கியவர்கள். அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பதினான்கு வருடம் சாக்பீஸ் பிடித்ததற்கு ஒரு வரி. இரண்டு வருடம் கதவு வைத்த அறையில் உட்கார்ந்ததற்கு அரைப் பக்கம்.

மழலையர் வகுப்பில் ஆறு வருடம் இருந்த ஓர் அம்மா, "அத எடுத்துடும்மா, சின்னதாத் தெரியுது" என்றார்.

"ஆறு வருஷம் நாப்பது மூக்கத் தொடச்சு விட்டிருக்கீங்க. ஒரு மாவட்டத்தையே நடத்திடலாமே," என்றாள் சித்தி. அவர் சிரித்தார். ஆனாலும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

விளையாட்டு ஆசிரியர் ஒருவர் தன்னை 'உடல்சார் ஆளுமை நெறியாளர்' என்று அடிக்கச் சொன்னார். சொல்லும்போதும் விசில் ஊதுகிற மாதிரி விட்டு விட்டுத்தான் சொன்னார். பனியில் மாட்டிய இருபத்தாறு வருடக்காரர் எழுத்தராக இருந்து தேர்வெழுதி மேலே வந்தவர். பிள்ளைகள் முன்னால் நின்றதே இல்லை. "கோப்புக்குத்தான் பாடம் நடத்தியிருக்காரு. அதுங்க எதிர்த்துப் பேசாதே," என்றாள் சித்தி. இன்னொருவர் குளிர்சாதனக் கிடங்கை நிர்வகித்தவர். 'பனி அனுபவம்' என்று போட்டால் சரியாகப் பொருந்தக்கூடிய ஒரே ஆள். அவருக்கு மட்டும் நான் பிழையில்லாமல் அடித்துவிட்டேன். என் ராசி அப்படி.

[கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நகல் எடுக்குமுன் வந்தவர் ஒவ்வொரு கட்டமாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். திரையைப் பார்த்து நாங்கள் 'சரி' சொல்ல வேண்டும். அடிப்பது நான், 'சரி' சொல்வது சித்தி. என் 'சரி' மேசையைத் தாண்டாது. இது பின்னால் தேவைப்படும். இப்போதே சொல்லிவைக்கிறேன்.]

4

திங்கட்கிழமை மதியம் எட்டாவது ஆள் வந்தார். கையால் எழுதிய நாலு தாள்களை நீட்டினார். நான் கணினித் திரைக்குப் பின்னால் இருந்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என் வகிடு மட்டும்தான் தெரியும். எனக்கும் அவர் முகம் தெரியவில்லை. ஆனால் தாளில் ஒரு சுழியத்தைப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

மேலே ஒடுங்கி, கீழே பருத்து, உள்ளே பளபளப்புக்கு ஒரு சின்னக் கோடு. சுழியத்தை இவ்வளவு அன்போடு போடுகிற கை உலகத்தில் ஒன்றுதான்.

முட்டை சார்.

என் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஒன்பது 'ஆ' பிரிவுக்குக் கணக்கும் அவர்தான். ஒன்றும் எழுதாத விடைத்தாளிலும் ஓவியம்போல ஒரு முட்டை போட்டுத் தருவார். அடுப்பில் வைத்தால் வெந்துவிடும் என்று பையன்கள் சொல்வார்கள்.

அந்த முட்டை இப்போது பதினேழாம் கட்டத்தில் இருந்தது.

'17. தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில் இடைநின்றோர் எண்ணிக்கை: 0.'

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் இடைநின்றோர். ஓடிப்போனவர் என்று திட்டவில்லை, தோற்றவர் என்றும் சொல்லவில்லை. நடுவில் நின்றவர், அவ்வளவுதான். பேருந்துக்கு நிற்பதுபோல.

நான் ஒரு இடைநின்றவள். ஒன்பது ஆ, எண் முப்பத்தொன்று. அவருடைய பள்ளி, அவருடைய காலம். நான் இருந்தால் அந்த எண் சுழியமாக இருக்க முடியாது. அது சுழியமாக இருந்தால் நான் இருக்க முடியாது.

'யாரோ எண்ணை மாற்றிப் போட்டால் போட்டுக்கொள்ளட்டும், உனக்கென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். போன மாதம்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று சித்தி என்னை எதிர் அலுவலகத்து மூன்றாம் ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஜன்னல்காரர் கணினியைப் பார்த்தார்.

"நீ வேற பள்ளிக்கூடத்துக்கு மாறிட்டன்னு இருக்கே. அங்கருந்து சான்று வாங்கிட்டு வா."

"எந்தப் பள்ளிக்கூடம் சார்?" என்று சித்தி கேட்டாள்.

"அது உங்களுக்குத்தானே தெரியணும்?"

ஆக, காகிதத்தில் நான் எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை முதல் மாணவியாகக்கூட இருக்கலாம். அவளைத் தேடிப் பிடித்துச் சான்று வாங்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான்: 'இவள் ஒன்பதாம் வகுப்பில் இடைநின்றவள்' என்று பழைய தலைமை ஆசிரியர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தைச் சித்தியே அடித்துத் தந்தாள். மூன்று வாரமாக அது விசைப்பலகைக்கு அடியில் கிடக்கிறது.

"கேட்டா தலையா போயிடும்?" என்பாள் தினமும்.

தலை போகாது. வாய்தான் வராது.

தனித்தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

5

(வரவில்லை.)

6

புதன்கிழமை அவர் திருத்தம் பார்க்க வந்தார். ஒன்பதாம் கட்டம் காலியாக இருந்தது. 'கல்வியில் அல்லது பணியில் இடைவெளி இருப்பின், காரணம்.' அவருடைய சான்றிதழ்களில் பத்தாம் வகுப்புக்கு இரண்டு வருடம் கூடுதலாக ஆகியிருந்தது.

"சார், ஒன்பது காலியா இருக்கு," என்றேன்.

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

சித்தி எனக்காகக் கத்தினாள். "ஒம்போது காலியா இருக்காம் சார்!"

சாலையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பழைய கத. ஒரு கோடு போட்டு விட்டுடுங்க."

"கோடு போட்டா ஏத்துக்க மாட்டாங்க சார். என்ன காரணம்னு சொல்லுங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். இவ என்கிட்டயே பேச மாட்டா."

அவர் சாலையைப் பார்த்தார், பிறகு கூரையை. குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலுக்கு அப்படித் தாழத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கணக்குல போயிடுச்சும்மா. ரெண்டு தடவ."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க கணக்கு வாத்தியாருன்னு—"

"அதனாலதான் ஆனேன்."

"அந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?"

"மளிகைக் கடையில பொட்டலம் கட்டினேன். நூறு கிராம், எழுபத்தஞ்சு கிராம், மீதி எவ்வளவு... கணக்கு எனக்கு அங்கதான் வந்துச்சு."

"அப்ப அதான் சார் உங்க முதல் பணி அனுபவம். போடுங்க!"

"மாவட்டக் கல்வித் தலைவர் பொட்டலம் கட்டினாருன்னா நல்லாவாம்மா இருக்கும்?"

"மத்தவங்கல்லாம் கோப்பு கட்டினதப் போட்டிருக்காங்களே சார். பொட்டலமாவது வீடு போய்ச் சேரும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "வேணாம்மா. வீட்டுலகூடத் தெரியாது. நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து போனார். அவர் போன பிறகு, திரையில் இருந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறைப்பது ஒன்பதில். அவர் மறைத்தது பதினேழில்.

7

வாசகரே, இங்கே ஒரு சங்கடம். என் வில்லன் சரியில்லை. மீசையைத்தான் பிய்த்தேன் என்றால், இப்போது அவர் கையில் ஒரு பொட்டலமும் வந்துவிட்டது. பொட்டலம் கட்டிய ஆளை எப்படி வெறுப்பது? இருந்தாலும் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நான் சத்தமில்லாமல் 0 என்பதை 1 ஆக்கிவிடுகிறேன். ஒரே ஒரு விசை. அவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார். தேர்வுக் குழு கேட்கிறது, 'அந்த ஒருவர் யார்?' அவர் விழிக்கிறார்.

(இதை எழுதும்போது இனிப்பாக இருந்தது. திரும்பப் படித்தால், திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கல்லெறிகிற பெண்தான் தெரிகிறாள். அதோடு, அந்த 1 என்னை மூன்றாம் ஜன்னலில் சேர்க்காது. கையெழுத்து வேண்டும்.)

முடிவு இரண்டு: முட்டை அப்படியே போகிறது. அவர் தலைவராகிறார். வரவேற்புப் பதாகைக்கான வாசகத்தை எங்கள் கடையில்தான் அடிக்கிறார்கள். நான் பிழையில்லாமல்

(பாதியில் விட்டேன். இதுதான் நடக்கும் என்று தோன்றியது. நடக்கப்போவதை எதற்கு எழுத வேண்டும்?)

முடிவு மூன்று: அவரே என்னை அடையாளம் கண்டு, கண் கலங்கி, 'மகளே!' என்று

(சித்தி படித்தால் இந்தத் தாளிலேயே பஜ்ஜி மடிப்பாள்.)

5 (தாமதம்)

உள்ளே வரலாமா?

இந்தப் பகுதி ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். என் பள்ளியில் அதுதான் விதி. விடுப்பு எடுத்தவர்கள் வகுப்பின் முன்னால் நின்று காரணத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.

எனக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு.

சிரியுங்கள், பரவாயில்லை. நாற்பத்திரண்டு பேர் சிரிப்பதை நினைத்துத்தான் ஐந்தாம் நாள் வாயில்வரை போய்த் திரும்பிவிட்டேன். ஆறாம் நாள் இரண்டு காரணம் தேவைப்பட்டது: வயிற்றுக்கு ஒன்று, திரும்பிப் போனதற்கு ஒன்று. ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது. அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவாள். நான் சீருடை போட்டுக்கொண்டு பூங்காவில் உட்கார்ந்திருப்பேன். முப்பதாம் நாள் அம்மாவுக்குத் தெரிந்தது. அடித்தாள், அழுதாள், "வா, நானே கொண்டுபோய் விடுறேன்" என்று கையைப் பிடித்தாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். கட்டில்தான் ஜெயித்தது. "கொஞ்ச நாள் என் கடையில இருக்கட்டும்க்கா," என்றாள் சித்தி. அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது மூன்று வயது.

இன்னொன்றும் உண்டு. முட்டை சார் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை கூப்பிடுவார். மூன்றாம் முறை கிடையாது. 'உள்ளேன் ஐயா' என்று நான் சொல்வேன். அது முன் பெஞ்சைத் தாண்டாது. "முப்பத்தொண்ணு எங்க? வரலையா?" என்று கேட்டுக்கொண்டே வரவில்லை என்று குறித்துவிடுவார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாட்களிலேயே எனக்குப் பாதி வருகைதான். நான் பள்ளியை விட்டு நின்றது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

சொல்லிவிட்டேன். என் இடத்தில் உட்காரலாமா?

8

வியாழக்கிழமை. இன்று. மூன்று மணிக்கு அவர் வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார், புதுப் பேனா வைத்திருந்தார். கடைசி ஒப்புப்பார்ப்பு.

சித்தி செருப்பை மாட்டினாள். "ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் தீந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன். நீ சரி சொல்லு."

"சித்தி!"

"அஞ்சு நிமிஷம்டி."

போய்விட்டாள். மேசைக்கு அடியில் என் காலில் பிரிக்காத டோனர் பெட்டி இடித்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முதல் கட்டம், இரண்டாம் கட்டம். நான் சரி, சரி என்றேன். "சத்தமா சொல்லும்மா, கேக்கல" என்றார். ஒன்பதைத் தாண்டிப் போனார். "இத அப்புறம் பாத்துக்கலாம்." பத்து. பதினொன்று. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன். பிடித்துக்கொள்ளக் கட்டில்கூட இல்லை.

"பதினாறு. நிர்வகித்த ஆசிரியர்கள், நாற்பத்தெட்டு."

"சரி."

"பதினேழு. இடைநின்றோர் எண்ணிக்கை, சுழியம்."

"உள்ளேன் ஐயா."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது சொன்னார்களா என்று.

"என்னம்மா?"

"உள்ளேன் ஐயா."

மேசையைத் தாண்டியது. அவரையும் தாண்டி வாசல்வரை போயிருக்க வேண்டும். அவர் எழுந்து திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வகிட்டுக்குக் கீழே ஒரு முகம் இருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

"எந்த வகுப்பு?"

"ஒம்போது ஆ."

"எண்?"

"முப்பத்தொண்ணு."

"நீ வேற பள்ளிக்கூடம்..."

"போகல சார்."

"பின்ன எங்கதான் போன?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். உங்க ஆபீசுக்கு எதிர்ல."

"என் ஆபீஸ் இல்லம்மா, இன்னும்." தானாக வந்துவிட்டது அவருக்கு. சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டார். உட்கார்ந்தார். "அப்ப ரெண்டு கட்டம் குடுத்திருந்தாங்க. மாற்றம், இடைநிற்றல். மாற்றம்னா ஒரு டிக். இடைநிற்றல்னா பதினோரு படிவம், மூணு மூணு நகல். வருஷக் கடைசி. எழுத்தரு டிக்கா, படிவமான்னு கேட்டாரு." கையிலிருந்த புதுப் பேனாவைப் பார்த்தார். "நான்தான் டிக்குன்னேன்."

விசைப்பலகையைத் தூக்கி, அடியில் இருந்த கடிதத்தை நீட்டினேன். மூன்று வாரத்தில் அதில் விசைப்பலகையின் நாலு கால்களும் பதிந்திருந்தன. அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, பதினேழு பொய்யாயிடும்."

"ஆமா சார்."

"நாளைக்குள்ள வேணுமா?"

"ஆமா சார். அஞ்சு மணிக்குள்ள."

"ஆமாங்கறத மட்டும் நல்லா சத்தமாச் சொல்ற."

விண்ணப்பத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சுக்குப் போனார். இரண்டையும் தொடைமேல் வைத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

[இதை இப்போது, அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் முடிவு என்னிடம் இல்லை. ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தத் தாளின் மறுபக்கம் மழலையர் வகுப்பு அம்மாவின் இரண்டாம் பக்கம். எடுக்கச் சொன்ன ஆறு வருடம் இதில் இன்னும் இருக்கிறது.]

எதிர்ச் சாரியில், அலுவலகச் சுவர் நிழலில், சித்தி நிற்கிறாள். கையில் எந்த டோனரும் இல்லை.

அவர் ஒன்பதாம் கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்து எடுத்தார். பிறகு பதினேழில். இப்போது எழுதுகிறார். இங்கிருந்து தோள் அசைவதுதான் தெரிகிறது. முட்டையும் ஒன்று என்ற எண்ணும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன, மேலே. கீழே வரும்போதுதான் பிரிகின்றன.

நிறுத்திவிட்டார். நிமிர்ந்தார்.

"முப்பத்தொண்ணு."

நான் போக வேண்டும். அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரிவதற்குள் உங்களிடம் கட்டங்களைக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதுவீர்களோ அதை எழுதுங்கள்.

9. இடைவெளிக்கான காரணம்: ..............................

17. இடைநின்றோர் எண்ணிக்கை: ........

பேனாவால் எழுதுங்கள். காரணத்துக்கு மூன்று சுழி. அதில் என்னைப்போல் பிழை விடாதீர்கள்.

"முப்பத்தொண்ணு!"

இது இரண்டாம் முறை. மூன்றாம் முறை கிடையாது. கதையை முடிக்கவில்லை, நடுவில்தான் நிறுத்துகிறேன். எழுதிக்கொண்டே சொன்னால் அவருக்குக் கேட்காது, எழுந்து நின்றுதான்